துடுப்பு இயந்திரத்தில் நேரத்தைக் குறைக்க: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, எங்கள் படகுக் குழுவில் இடம் பெற வேண்டுமானால் எர்கோவில், அதாவது துடுப்பு இயந்திரத்தில், 2000 மீட்டரை 7 நிமிடம் 40 விநாடிக்குள் முடிக்க வேண்டும். என் நேரம் 8 நிமிடம். மூன்று மாதமாக வாரத்தில் ஆறு நாளும் 20 நிமிடம் மூச்சு முட்ட இழுத்துவருகிறேன். ஒரு விநாடிகூடக் குறையவில்லை. இன்னும் கடுமையாக இழுக்க வேண்டுமா? (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: வேண்டாம். உங்கள் உழைப்பில் குறையில்லை. அதைச் செலவிடும் இடம்தான் தவறு.

நீங்கள் கேட்கும் 20 விநாடிக்கு என்ன விலை என்று முதலில் பார்த்துவிடுவோம். 8 நிமிடத்தில் முடிப்பவரின் ஸ்ப்ளிட், அதாவது 500 மீட்டருக்கு ஆகும் நேரம், 2 நிமிடம். அதற்குச் சராசரியாக 203 வாட் திறன் தேவை. 7 நிமிடம் 40 விநாடி என்றால் ஸ்ப்ளிட் 1:55. அதற்கு 230 வாட் வேண்டும். இந்த இயந்திரத்தில் நாம் மோதுவது காற்றோடு என்பதாலும், வேகம் இரட்டித்தால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும் என்பதாலும், நேரத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தைக் குறைக்கத் திறனை 13 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கிறது. அதற்கடுத்த 20 விநாடியைக் குறைக்க இன்னும் 33 வாட் கேட்கும். இவ்வளவு பெரிய உயர்வை மனவுறுதியால் மட்டும் பெற்றுவிட முடியாது. உடம்புக்குள் புதிதாகக் கட்டித்தான் பெற வேண்டும்.

ஏழெட்டு நிமிடப் போட்டி வெளிப்பார்வைக்கு வெறும் வலிமைப் போட்டி போலத் தெரியும். உண்மையில் அதில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆக்சிஜனைக் கொண்டு உண்டாவது. ஒரு துடிப்பில் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவும், தசையைச் சுற்றியுள்ள நுண்குழாய்களும், தசைக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அமைப்புகளும் வளர்வதற்கு நீண்ட நேரம், பொறுக்கக்கூடிய வேகத்தில், வாரத்துக்குப் பல முறை இழுக்க வேண்டும். நாள்தோறும் மூச்சு முட்ட இழுப்பவர் இந்த அடித்தளத்தை எழுப்பும் அளவுக்கு நேரம் செலவிட முடியாது. களைப்பு தீராததால் கடினமான நாளில் உண்மையான வேகத்தையும் தொட முடியாது.

நார்வே நாட்டின் சர்வதேசத் துடுப்பு வீரர்கள் 1970 முதல் 2001 வரை எப்படிப் பயிற்சி செய்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். 1970களில் மாதம் சுமார் 30 மணி நேரமாக இருந்த மென்வேகப் பயிற்சி 1990களில் 50 மணி நேரமாக உயர்ந்தது. போட்டி வேகத்திலும் அதற்கு மேலும் செய்த பயிற்சியோ 23 மணி நேரத்திலிருந்து 7 மணி நேரமாகச் சுருங்கியது. அதே காலத்தில் எர்கோவில் ஆறு நிமிடச் சோதனையில் அவர்கள் காட்டிய திறன் சுமார் 10 சதவீதம் கூடியது. பதக்கம் வென்றவர்களே மெதுவாக இழுத்த நேரத்தை அதிகமாக்கித்தான் முன்னேறினார்கள் என்பதை உங்களைப் போன்ற இளைஞர்கள் அனைவரும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆகவே வாரத்தில் நான்கு நாள், 45 முதல் 60 நிமிடம், நிமிடத்துக்கு 18 முதல் 20 ஸ்ட்ரோக் (முழு இழுப்பு) என்ற கணக்கில் இழுங்கள். ஸ்ப்ளிட் 2:20 அல்லது 2:25 அருகில் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். தொடக்கத்தில் இது வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் மட்டும் கடினமான பயிற்சி: ஒரு வாரம் 500 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்றரை நிமிட ஓய்வு, மறு வாரம் 1000 மீட்டர் நான்கு முறை, இடையே ஐந்து நிமிட ஓய்வு. எட்டு முறையும் ஏறக்குறைய ஒரே ஸ்ப்ளிட்டில் முடித்து, கடைசி ஒன்றைச் சற்று வேகமாக இழுக்க முடிந்தால் அன்றைய அளவு சரி. மீதி இரண்டு நாளில் ஒன்றை எடைப் பயிற்சிக்கும், மற்றதை முழு ஓய்வுக்கும் விட்டுவிடுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் 2000 மீட்டரைச் சோதித்துப் பார்க்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் அதே ஸ்ப்ளிட்டுக்கு இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதால், மே மாதத்தில் மின்விசிறியின் எதிரே அமர்ந்து இழுப்பதும், திரையில் வரும் எண்ணைவிட மூச்சை நம்புவதும் நல்லது.

கேள்வி: எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் டேம்பரை 10இல் வைத்தே இழுக்கிறார்கள். அதிக எடை தூக்குவதுபோல அதிக எண் வைத்தால்தானே பலன் அதிகம்? (மதுரை வாசகர்)

பதில்: டேம்பர் எடைக்கட்டை அல்ல. காற்றாடிச் சக்கரத்தின் கூண்டுக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. 10இல் வைத்தால் இரண்டு ஸ்ட்ரோக்குகளுக்கு இடையில் சக்கரம் விரைவாக வேகம் இழக்கும். அடுத்த இழுப்பு கனமான, மெதுவான படகை நகர்த்துவதுபோல இருக்கும். சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதைத் திரை ஒவ்வொரு முறையும் அளந்து, அதைக் கணக்கில் சேர்த்தே உங்கள் வாட்டைச் சொல்கிறது. எனவே பெரிய எண்ணுக்கென்று தனிப் பரிசு கிடையாது. முதுகும் முன்கையும்தான் முன்னதாகச் சோர்ந்துபோகும்.

டேம்பர் எண்ணை விட்டுவிட்டு, சக்கரம் வேகம் இழக்கும் விரைவைக் காட்டும் டிராக் ஃபேக்டர் என்ற அளவைத் திரையில் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 110 முதல் 130 வரை பொருந்தும். கூண்டில் தூசி அடைத்த பழைய இயந்திரத்தில் 6இல் கிடைப்பது, சுத்தமான இயந்திரத்தில் 4இலேயே கிடைத்துவிடலாம். போட்டிக்குப் போகும் இடத்தில் அமர்ந்தவுடன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்களுக்குப் பழக்கமான டிராக் ஃபேக்டரை அங்கும் வைத்துக்கொள்வதுதான்.

கேள்வி: என் மகளுக்கு வயது 17. நன்றாக உழைக்கிறாள். ஆனால் அரை மணி நேரம் இழுத்தால் இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்கிறாள், நேரமும் முன்னேறவில்லை. (ஒரு தந்தை, கோயம்புத்தூர்)

பதில்: வலி ஓய்விலும் தொடர்ந்தாலோ காலுக்கு இறங்கினாலோ, முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். விலா எலும்பில் ஓரிடத்தில் குத்தும் வலி வந்தாலும் அப்படியே; துடுப்பு வலிப்பவர்களுக்கு அங்கே நுண்முறிவு ஏற்படுவது உண்டு.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், மகள் இழுக்கும்போது பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, கைப்பிடியைச் சக்கரத்தோடு இணைக்கும் சங்கிலியை மட்டும் கவனியுங்கள். நன்றாக இழுப்பவரின் சங்கிலி போகும்போதும் வரும்போதும் ஒரே மட்டத்தில் நேர்க்கோடாக ஓடும். இதே தொல்லையோடு பயிற்சிக்கு வந்த ஒரு மாணவியின் சங்கிலியை அப்படிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அது முழங்காலைத் தாண்டுவதற்காக மேடுபோல எழும்பி இறங்கியது. கை நீளுமுன்பே முழங்கால் மடங்கிவிட்டது. பிறகு கால் தள்ளத் தொடங்கியதும் இருக்கை மட்டும் பின்னால் ஓடியது. கைப்பிடி இருந்த இடத்திலேயே நின்றது. காலின் பலம் வீணாகி, மிச்ச வேலை முழுவதும் வளைந்த முதுகின் மேல் விழுந்தது.

ஓர் இழுப்பின் பலத்தில் சுமார் 60 பங்கு கால், 30 பங்கு உடல், 10 பங்கு கை என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். கால், உடல், கை என்ற அதே வரிசையில் தள்ள வேண்டும். திரும்பும்போது கை, உடல், கால் என்று தலைகீழாக வர வேண்டும். கை முழங்காலைக் கடந்த பிறகே முழங்கால் மடங்கலாம். மகளைத் தினமும் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம், நிமிடத்துக்கு 16 ஸ்ட்ரோக் வேகத்தில், கைநீட்டி ஒரு கணம் நின்று, பிறகு இருக்கையில் உருண்டு முன்னே வரச் சொல்லுங்கள். அந்த மாணவிக்கு மூன்று வாரத்தில் சங்கிலி நேராயிற்று. வலி அதற்கும் முன்பே குறையத் தொடங்கியது.

கேள்வி: முதல் 500 மீட்டரில் எப்போதும் முன்னணியில் இருக்கிறேன். 1200 மீட்டருக்குப் பிறகு கால் மரத்துவிடுகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: தொடக்கத்தின் 10, 15 விநாடி இலவசமாகக் கிடைப்பதுபோலத் தோன்றும், தசையில் ஏற்கனவே சேமித்த ஆற்றல் அப்போது கைகொடுக்கிறது. அந்த உற்சாகத்தில் 1:48 ஸ்ப்ளிட்டில் கிளம்பி, இலக்கு 1:55 என்றிருப்பவர், அந்தக் கடனை மூன்றாவது 500 மீட்டரில் வட்டியோடு கட்டுகிறார். ஐந்தாறு ஸ்ட்ரோக்குகளில் சக்கரத்தை வேகத்துக்குக் கொண்டுவந்து, பத்தாவது ஸ்ட்ரோக்கில் 1:55இல் அமர்ந்துவிடுங்கள். 1000 முதல் 1500 மீட்டர் வரை ஸ்ப்ளிட்டை உயர விடாமல் பிடித்துக்கொள்வதே உங்கள் போட்டி. கடைசி 250 மீட்டரில் மிச்சம் இருந்தால் ஸ்ட்ரோக் எண்ணிக்கையைக் கூட்டலாம்.

கேள்வி: நான் 57 கிலோ. எர்கோவில் என்னைவிட 15 கிலோ கூடுதலான தோழி எப்போதும் வெல்கிறாள். பெய்ரா ஏரியில் படகில் போனால் நான்தான் முன்னால். எது உண்மை? (கொழும்பு வாசகி)

பதில்: இரண்டும் உண்மை. தண்ணீரில் எடை கூடினால் படகு ஆழமாக அமிழும், இழுவை கூடும். தரையில் நிற்கும் இயந்திரம் எடைக்கு எந்தத் தண்டனையும் விதிப்பதில்லை. அதனால்தான் உள்ளரங்கப் போட்டிகளில் எடை குறைந்தவர்களுக்குத் தனிப்பிரிவு உண்டு, பெண்களுக்கு 61.5 கிலோவும் ஆண்களுக்கு 75 கிலோவும் அதன் வழக்கமான வரம்பு. நீங்கள் அந்தப் பிரிவில் போட்டியிடலாம். துடுப்பு நீரில் இறங்கும் நேரமோ படகின் சமநிலையோ இயந்திரத்துக்குத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். 1898 முதல் நடந்துவரும் சென்னை–கொழும்பு படகுப் போட்டிக்கு உங்கள் குழு ஆள் தேர்வு செய்யும்போது, எர்கோ நேரத்தோடு படகில் எடுத்த நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.