வயிற்றுவலியும் 5 காசுத் தபால்தலையும்

அன்புள்ள ஐயா,

போர்க்காலச் சமாதானப் பேச்சுகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வியட்நாம் போரின்போது அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் நடத்திய ரகசியப் பேச்சுகள் பிரமிப்பாக இருக்கின்றன. 1971 ஜூலையில் பாகிஸ்தானில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பீஜிங்குக்குப் பறந்தது, மாற்றுச் சட்டை இல்லாமல் கூட வந்த அதிகாரியின் சட்டையை வாங்கிப் போட்டது, அதில் ‘தைவானில் தயாரானது’ என்று இருந்தது, எல்லாமே துப்பறியும் கதை போல இருக்கிறது. ரகசியம் இல்லாமல் ராஜதந்திரம் இல்லை, சாமானிய மக்களுக்கு இதெல்லாம் புரியாது, முடிவுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். வெளிப்படையாகப் பேசியிருந்தால் வியட்நாமில் உடன்பாடு வந்திருக்குமா? வட வியட்நாம் சார்பில் பேசிய லே டுக் தோ நோபல் பரிசை மறுத்தது சரியா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

போன வாரம் வீட்டில் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கடிதக்கட்டு ஒன்று கிடைத்தது. அதைப் பிரித்ததிலிருந்து அந்த வயிற்றுவலியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

நோபல் பரிசு விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். நாட்டில் இன்னும் அமைதி வரவில்லை என்று சொல்லி தோ மறுத்தார். அவர் சொன்னது உண்மை.

பேச்சில் ரகசியம் வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. 1968 கடைசியில் பாரிஸில் எல்லாரும் பார்க்கும்படி கூடியபோது, மேசை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற சண்டையிலேயே அடுத்த ஜனவரி பாதி ஓடிவிட்டது. அந்த வாரங்களிலும் அங்கே ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். விஷயம் நகர்ந்தது பாரிஸின் புறநகர் வீடுகளில், 1970 பிப்ரவரியிலிருந்து கிஸ்ஸிஞ்சரும் தோவும் யாருக்கும் தெரியாமல் சந்தித்துக்கொண்டபோது. 1972 அக்டோபர் 8 அன்று தோ ஓர் உடன்பாட்டு வரைவை எடுத்து வைத்தார். முடிச்சு அவிழ்ந்தது அன்றுதான். மேடையில் நின்றுகொண்டு யாராலும் விட்டுக்கொடுக்க முடியாது. சரி, உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

ஆனால் ‘சாமானிய மக்களுக்குப் புரியாது’ என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தீரவில்லை. ஏன் தம்பி, புரியாதவர்களிடமிருந்தா அந்தப் பேச்சை மறைத்தார்கள்? தென் வியட்நாமின் அதிபர் தியூ சாமானியரா? அமெரிக்கா இத்தனை வருடம் யாருக்காகச் சண்டை போடுவதாகச் சொன்னதோ அந்த அரசின் தலைவர் அவர். அந்த அக்டோபரில் கிஸ்ஸிஞ்சர் தென் வியட்நாமின் தலைநகர் சைகோனுக்குப் போய் அவர் கையில் வரைவைக் கொடுத்தார், ஆங்கிலத்தில். தன் நாட்டின் தலைவிதியை எழுதிய காகிதத்துக்கு அந்த மனிதர் தன் மொழிப் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வட வியட்நாம் படை தெற்கிலேயே இருந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் உயிரான பகுதி. அவர் புரிந்துகொண்டார். நன்றாகவே புரிந்துகொண்டார். 69 திருத்தம் கேட்டார். அதற்கப்புறம் பேச்சு முறிந்தது, டிசம்பரில் வட வியட்நாமின் தலைநகர் ஹனோய் மீது பன்னிரண்டு நாள் குண்டு வீச்சு, 1,600க்கும் மேல் பொதுமக்கள் சாவு. கடைசியில் 1973 ஜனவரி 27 அன்று கையெழுத்தானது பெரும்பாலும் அந்த அக்டோபர் வரைவேதான். தியூவைக் கட்டாயப்படுத்தியும், அமெரிக்கா கைவிடாது என்று நிக்சன் ரகசியக் கடிதங்களில் வாக்குக் கொடுத்தும்தான் சம்மதிக்க வைத்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தெரியாத வாக்கு அது. 1975 ஏப்ரலில் சைகோன் விழுந்தபோது அதற்கு என்ன மதிப்பு இருந்தது?

இனி அந்த வயிற்றுவலிக்கு வருகிறேன்.

சீனாவோடு நெருங்கினால் மாஸ்கோவும் மசியும், இரண்டு பேரும் ஹனோய்க்கு அழுத்தம் கொடுப்பார்கள், வியட்நாமிலிருந்து மரியாதையாக வெளியேறலாம் என்பது நிக்சனின் கணக்கு. பீஜிங்குக்குத் தூது போக பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் யாஹியா கானைப் பிடித்தார்கள். அதே யாஹியாவின் ராணுவம்தான் 1971 மார்ச் 25 இரவு, அப்போது கிழக்கு பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் டாக்காவில் இறங்கியது. பல்கலைக்கழக விடுதியில் மாணவர்களைச் சுட்டுக் கொன்றது. டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டும் அவரோடு இருந்தவர்களும் ஏப்ரல் 6 அன்று தங்கள் அரசுக்கே கண்டனத் தந்தி அனுப்பினார்கள். இருபது பேர் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். பிளட்டை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள்.

அப்புறம் ஜூலை. கிஸ்ஸிஞ்சர் முதலில் டெல்லிக்கு வந்தார். இந்திரா காந்தியைப் பார்த்தார். எல்லை தாண்டி வந்துகொண்டே இருந்த அகதிகளைப் பற்றி இங்கே எல்லாரும் அவரிடம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டார். அடுத்து இஸ்லாமாபாத், வயிற்றுவலி, மலைவாசத்தலத்தில் ஓய்வு என்ற பொய், 9ஆம் தேதி விடியுமுன் பாகிஸ்தான் விமானத்தில் பீஜிங். நீங்கள் ரசித்த சட்டைக் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. 12ஆம் தேதி அவர் பாரிஸில் லே டுக் தோவின் எதிரே உட்கார்ந்திருந்தார். 15ஆம் தேதி நிக்சன் தொலைக்காட்சியில் அறிவித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

வேறு வழி இருக்கவில்லை என்பார்கள். இருந்தது. ருமேனியா வழியாகவும் சீனப் பிரதமர் சூ என்லாயின் செய்தி வந்திருந்தது. பாரிஸிலேயே சீனத் தூதர் இருந்தார், ஜூலைக்குப் பிறகு அந்த வழியில்தான் பேசினார்கள். யாஹியா வழி சௌகரியமானது, அவ்வளவுதான். அந்தச் சௌகரியத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்?

பரணில் கிடைத்த கடிதம் கல்கத்தாவில் வேலை பார்த்த என் மாமா அம்மாவுக்கு எழுதியது. சால்ட் லேக் பக்கம் பாதாள சாக்கடைக்காகப் போட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்களுக்குள் குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் சாக்கை மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், உள்ளே அடுப்பு எரிகிறது, மழை வந்தால் எங்கே போவார்கள் என்று தெரியவில்லை அக்கா என்று எழுதியிருந்தார். கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் அந்த வருடம் இந்தியாவுக்குள் வந்தார்கள். நவம்பர் பாதியிலிருந்து கடிதத்துக்கு 5 காசு கூடுதலாக அகதிகள் நிவாரணத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று சட்டமாயிற்று. குடும்பக்கட்டுப்பாட்டுத் தபால்தலை மேலேயே எழுத்துகளை அச்சடித்து அவசரமாக விட்டார்கள். அதை நாக்கில் தடவி ஒட்டுவது வீட்டில் என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இது எதுக்குடா இன்னொரு தலை என்று கேட்டாள். குழாய்க்குள் இருக்கிறவர்களுக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவர்களை யார் விரட்டினது என்று கேட்டாள். அவங்க நாட்டு ராணுவமே என்றேன். தட்டிக் கேட்க அந்த ராணுவத்துக்கு மேலே ஒருத்தரும் இல்லையா என்றாள்.

அந்தக் கேள்விதான் கார்த்திக், வாஷிங்டனில் அப்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி. அதை ஒரு தென்னந்தோப்பு வீட்டுத் திண்ணையில் எழுதப்படிக்கத் தெரியாத கிழவி கேட்டாள். நீங்கள் படித்தவர், உங்களிடம் வாஞ்சை இருப்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். சாமானியர்களுக்குப் புரியாது என்று இனி எனக்கு எழுதாதீர்கள்.

மேலே ஒருத்தர் இருந்தார். 1971 ஏப்ரல் கடைசியில் கிஸ்ஸிஞ்சர் அனுப்பிய ஒரு குறிப்பின் மேல் நிக்சன் தன் கையாலேயே, எல்லாருக்கும் என்று போட்டு, இந்த நேரத்தில் யாஹியாவை நெருக்க வேண்டாம் என்று எழுதினார். ‘வேண்டாம்’ என்பதற்கு அடிக்கோடும் போட்டார். இன்று அந்தக் காகிதத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆவணக் காப்பகம் திறந்துவிட்டிருக்கிறது. தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்தச் சட்டைக் கதையை எனக்கு இன்னொரு முறை எழுதி அனுப்புங்கள். படிக்கிறேன்.

அன்புடன்.