1/2 அடித்தால் ½, 1/3 அடித்தால் மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது? வேர்டில் பின்னமும் குறியீடுகளும்: கேள்வி பதில்

வினாத்தாள், பத்திரம், கொட்டேஷன் என்று டிடிபி வேலையில் தினமும் கையில் படுகிற விஷயம் என்பதால், வந்த கேள்விகளுக்கு நானே பதில் எழுதுகிறேன். விண்டோஸ் கணினியில் ஓடும் எம்எஸ் வேர்டை வைத்துச் சொல்கிறேன். வேறு மென்பொருள் என்றால் அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: சார், 1/2 அடித்து ஸ்பேஸ் தட்டினால் தானாக ½ ஆகிவிடுகிறது. 1/3 அடித்தால் ஆவதில்லை. என் வேர்டில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. வேர்ட் தானாக மாற்றுவது ½, ¼, ¾ மூன்றை மட்டும்தான். மற்றதை நாம்தான் வரவழைக்க வேண்டும். ⅓ வேண்டுமா, 2153 என்று அடித்து, உடனே ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எக்ஸ் தட்டுங்கள். ⅔-க்கு 2154, ⅕-க்கு 2155.

இதில் ஒரு கண்ணி உண்டு. ‘ஒன்றே மூன்றில் ஒன்று’ அடிக்க நினைத்து, 1-ஐ ஒட்டியே 2153 அடித்தால் வேர்ட் அதை 12153 என்று ஒரே எண்ணாகப் படித்துவிடும். யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையில், அது மெசபடோமியாவின் பழைய ஆப்பெழுத்து ஒன்றுக்கு உரிய எண்! திரையில் விளங்காத கீறலோ வெறும் பெட்டியோ வந்து நிற்கும். 2153-ஐ மட்டும் செலக்ட் செய்துகொண்டு ஆல்ட் + எக்ஸ் தட்டினால் 1⅓ ஒழுங்காக வரும்.

கேள்வி: அண்ணா, எனக்கு நேர்மாறான தொல்லை. பத்திரத்தில் ‘கதவு எண் 1/2’ என்று அடித்தால் ‘கதவு எண் ½’ என்று ஆகிவிடுகிறது.

அரை வீட்டுக்கு யார் பத்திரம் பதிவார்கள்! மாறிய அந்த நொடியே கன்ட்ரோல் + இசட் தட்டுங்கள், 1/2 திரும்பி வந்துவிடும். பத்திரம் அடிப்பதே தொழில் என்றால் இந்த வசதியை ஒரேயடியாக அணைத்துவிடுவது உத்தமம். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய், ‘ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்’ பக்கத்தில் ஃப்ராக்ஷன்ஸ் என்ற வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

கூடவே ஒன்று: ½ என்பது வேறு எழுத்து. கன்ட்ரோல் + எஃப் போட்டு 1/2 என்று தேடினால் அது சிக்காது. ஒரே பத்திரத்தில் ஓரிடத்தில் 1/2, இன்னோரிடத்தில் ½ என்று கலந்து கிடந்தால், திருத்தும்போது ஒன்று தப்பிவிடும். அளவு வரும் இடங்களில் ‘8½ (எட்டரை) சென்ட்’ என்று எழுத்தாலும் போடும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் தயாரிக்கிறேன். 5/16, 7/12 எல்லாம் மேலே ஒன்று கீழே ஒன்றாக, நடுவில் கோடு போட்டு வர வேண்டும்.

டீச்சர், 5/16 போன்றவற்றுக்குத் தனி எழுத்தே கிடையாது. ஈக்வேஷன்தான் வழி. ஆல்ட்டையும் சமக்குறி விசையையும் சேர்த்துத் தட்டினால் ஒரு கட்டம் திறக்கும். அதற்குள் 5/16 அடித்து ஸ்பேஸ் தட்டுங்கள், மேலும் கீழுமாக நின்றுகொள்ளும். கலப்புப் பின்னம் என்றால் முழு எண்ணைக் கட்டத்துக்கு வெளியே அடித்துவிட்டு, ஒட்டினாற்போல் கட்டத்தைத் திறப்பதுதான் எனக்குச் சரிப்படுகிறது. உள்ளேயே 25/16 என்று சேர்த்து அடித்தால் பதினாறில் இருபத்தைந்து ஆகிவிடும். பிள்ளைகள் வேறு கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தாளில் ½ சின்ன எழுத்தாகவும் 5/16 கோடு போட்டும் இருந்தால் பார்க்க நன்றாக இராது. ஒரு பின்னத்துக்கு ஈக்வேஷன் தேவைப்பட்டால் அந்தத் தாளில் எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தொகுதி, பகுதி இரண்டும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ½ என்ற குட்டி எழுத்து ஜெராக்ஸில் கரைந்துபோகும்.

கேள்வி: அடுக்கு எண்ணை கன்ட்ரோல், ஷிஃப்ட், சமக்குறி போட்டுத்தான் மேலே ஏற்றுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கீழே இறங்கிவிடுகிறது.

இறங்கத்தான் செய்யும். அது எழுத்துக்குப் போட்ட அலங்காரம். வாட்ஸ்அப்புக்குப் போகும்போது உதிர்ந்துவிடும். பத்தின் வர்க்கம் 102 ஆகி நிற்கும். ² என்பதை எழுத்தாகவே போடுங்கள்: நம்பர்பேடில் (விசைப்பலகையின் வலப்பக்க எண் விசைகளில்) ஆல்ட் + 0178. ³-க்கு 0179.

கேள்வி: பிளம்பிங் கொட்டேஷன் அடிக்கிறேன். ½ இன்ச், ¾ இன்ச் பைப்புக்கு ” போட்டால் வளைந்து வருகிறது. ⅜, ⅝ கிடைப்பதே இல்லை.

ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு நம்பர்பேடில் 8539 என்றால் ⅛, 8540 ⅜, 8541 ⅝, 8542 ⅞. இந்த நான்கிலக்க எண்கள் வேர்டுக்குள் வேலை செய்யும். பழைய நோட்பேடில் முயன்றால் வேறு ஏதாவது வரும். இன்ச் குறிக்கு 2033 அடித்து ஆல்ட் + எக்ஸ், அடிக் குறிக்கு 2032. முன்னால் எண் இருந்தால் செலக்ட் செய்ய மறக்காதீர்கள். அதைவிட, கடைக்காரருக்குப் போகிற தாள்தானே? ‘½ இன்ச்’ என்று எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

கேள்வி: எக்செலில் 1/2 அடித்தால் பிப்ரவரி 1 என்று தேதி வருகிறது.

0 அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 1/2 அடியுங்கள். தேதியாக மாறியபின் ஃபார்மட்டை மாற்றிப் பயனில்லை. 45 ஆயிரத்துக்கு மேல் ஏதோ ஓர் எண்தான் வரும். அழித்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும்.

கேள்வி: பழைய தமிழ் ஃபான்டில் அடிக்கிறேன். ½ போட்டால் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்து வருகிறதே?

டிஸ்கி, டேப் மாதிரி பழைய குறியாக்கங்களில் ½ இருக்க வேண்டிய 189-ஆம் இடத்தில் தமிழ் எழுத்தைக் குடிவைத்துவிட்டார்கள். அந்த ஓர் எழுத்தை மட்டும் செலக்ட் செய்து ஏரியல் ஃபான்டுக்கு மாற்றினால் ½ தெரியும். புது வேலையை யூனிகோடில் தொடங்குங்கள், இந்தத் தலைவலியே இராது.

கேள்வி: ₹ எப்படி?

விசைப்பலகையை ‘இங்கிலீஷ் இந்தியா’வுக்கு மாற்றி, வலதுபக்க ஆல்ட் + 4. மாற்ற முடியாத கணினியில், வேர்டுக்குள் என்றால் ஆல்ட் + 8377.

கேள்வி: ஐயா, தாத்தாவின் கணக்கு நோட்டைத் தட்டச்சு செய்கிறேன். பற்று, வரவு, மேற்படி எல்லாம் சுழியாகப் போட்டிருக்கிறார். மா, காணி, முந்திரி என்று பின்னங்களும் உண்டு. இவை கணினியில் உண்டா?

நல்ல வேலை செய்கிறீர்கள். முதல் பாதி சுலபம். நிர்மலா யுஐ ஃபான்டில், ஆல்ட்டோடு 3059 அடித்தால் ௳ (நாள்), 3060 ௴ (மாதம்), 3061 ௵ (வருடம்), 3062 ௶ (பற்று), 3063 ௷ (வரவு), 3064 ௸ (மேற்படி), 3065 ௹ (ரூபாய்). இவை தமிழ் எழுத்துகளோடு ஒரே தொகுதியில் இருப்பவை.

பின்னங்கள் வெகுகாலம் யூனிகோடுக்கு வெளியே நின்றன. 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12-இல்தான் ‘தமிழ் சப்ளிமென்ட்’ என்று தனித் தொகுதி போட்டு 51 குறிகளைச் சேர்த்தார்கள். முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), அரைக்கால் (1/8), கால், அரை, முக்கால் எல்லாம் அதில் உண்டு. வழக்கமான ஃபான்டுகளில் இந்தக் குறிகளை எதிர்பார்க்க முடியாது. கூகுளின் ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்’ இலவசம். அதை நிறுவிவிட்டு, வேர்டில் இன்சர்ட், சிம்பல் போய் அந்த ஃபான்டைத் தேர்ந்தால் மொத்தப் பட்டியலும் தெரியும். கால் இதோ: 𑿐. உங்கள் திரையில் பெட்டி தெரிந்தால் ஃபான்ட் இல்லை என்று பொருள்.

அரைக்கும் வீசத்துக்கும் (1/16) இரண்டிரண்டு வடிவங்கள் தந்திருக்கிறார்கள். தாத்தா எதைப் போட்டார் என்று நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள். இன்னொருவருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஃபான்டும் கோப்போடு சேர்ந்து போகும்.