சான்றிதழ் முடியப்போகிறது, ஆய்வு இன்னும் வரிசையில்: என்ன செய்யலாம்?

கதிரியக்கப் பொருளை எடுத்துச் செல்லும் உங்கள் போக்குவரத்துப் பெட்டகத்தின் சான்றிதழ் விரைவில் முடிகிறது, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உங்களுக்குப் பின்னால் விண்ணப்பித்தவரின் ஆய்வை முதலில் முடித்துக் கொடுத்துவிட்டது என்கிறீர்கள். பதற வேண்டாம். முடியும் தேதிக்கு 30 நாளாவது முன்பே முறையாகப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால், இறுதி முடிவு வரும்வரை பழைய சான்றிதழே செல்லும். ஆணையத்தின் விதி 71.38-ஐப் (10 CFR 71.38) பாருங்கள்.

வரிசை வந்த தேதிப்படி மட்டும் நகராது. பாதுகாப்பை ஒட்டிய அவசரம் முந்திக்கொள்ளும். அப்புறம், கூடுதல் விவரம் கேட்டு வரும் கடிதத்துக்குத் தாமதமாகப் பதில் போனால் அட்டவணை தள்ளிப்போகும். பலரும் மாட்டுவது இங்கேதான். எந்தத் தேதிக்கு, எந்த அனுப்புதலுக்கு வேண்டும் என்று உங்கள் விண்ணப்பத்தைக் கவனிக்கும் ஆணையத்தின் திட்ட மேலாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள். "அவசரம்" என்று மட்டும் எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள்.

பயன்படுத்திய அணு எரிபொருளை வைக்கும் சேமிப்புக் கலமாக இருந்தால் கதை வேறு: அதன் சான்றிதழைத் திருத்த, அங்கீகரித்த கலங்களைப் பட்டியலிடும் 72.214 விதியையே மாற்ற வேண்டும். அதற்குத் தனியாக மாதக்கணக்கு ஒதுக்குங்கள்.