வாசகர் கேள்விகள்: ஜப்பானில் இருப்பது ஒரே இனம்தானா?

ஒசாகாவில் கொரியர்கள் நடத்தும் த்சுருஹாஷி சந்தையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஜப்பானில் கொரியர்களுக்கு என்ன வேலை என்று ஆரம்பித்துப் பலரும் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

ஒரே இனம், ஒரே மொழி என்பதால்தான் ஜப்பான் இவ்வளவு முன்னேறியது என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். உண்மையா?
*(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)*

இல்லை தம்பி. உங்கள் பேராசிரியரைக் குறை சொல்லவும் முடியாது. ஜப்பானின் தலைவர்களே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1986-இல் பிரதமராக இருந்த நாகசோனே சொன்னார். 2005-இல் அமைச்சர் தாரோ ஆசோ சொன்னார். அதே ஆசோ 2020-இல் துணைப் பிரதமராக இருந்தபோது மறுபடியும் சொல்லிவிட்டு, யாராவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னிக்கவும் என்றார்.

வடக்கே ஹொக்கைடோவில் ஐனு மக்கள் இருக்கிறார்கள். தெற்கே ஒகினாவா தீவுகளில் ரியூக்யூ மக்கள். பெருநகரங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொரிய, சீன வழியினர். இனத்தாலும் மொழியாலும் எந்த வேறுபாடும் இல்லாமல், முன்னோர் செய்த தொழிலை வைத்து ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களும் உண்டு. அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இந்த 'ஒரே இனம்' பேச்சுக்கு வயதும் அதிகமில்லை. 1895-இல் தைவானையும் 1910-இல் கொரியாவையும் ஜப்பான் விழுங்கியது. அந்தப் பேரரசுக் காலத்தில் ஜப்பானியரும் கொரியரும் ஒரே மூதாதையர் வழி வந்தவர்கள், பல இனங்கள் கலந்து உருவானதே எங்கள் நாடு என்று பெருமையாக எழுதிய அறிஞர்கள் ஏராளம். ஆளுவதற்கு அந்தக் கதை வசதியாக இருந்தது. 1945-இல் பேரரசு கைவிட்டுப் போனது. அதன் பிறகுதான் நாங்கள் எப்போதுமே ஒரே இனம் என்ற பேச்சு ஊரெல்லாம் வேர்விட்டது. ரயிலும் உருக்காலையும் போட்டு ஜப்பான் தலையெடுத்த காலத்தில் அரசின் வாயில் இருந்தது பல இனக் கலப்பு என்ற அந்தப் பழைய கதை. முன்னேற்றத்துக்கு ஒரே இனம் காரணம் என்றால் கணக்கு எங்கே பொருந்துகிறது?

அப்படியானால் அங்குள்ள கொரியர்கள் ஜப்பான் குடிமக்கள்தானே? அங்கேயே பிறந்தவர்கள் என்று எழுதியிருந்தீர்களே?
*(வங்கி ஊழியர், மதுரை)*

அங்கேயே பிறந்தவர்கள்தான். ஆனாலும் பலர் சட்டப்படி வெளிநாட்டவர்.

நான் ஒசாகாவில் வேலை பார்த்த காலத்தில் இகுனோ பகுதியில் குடியிருந்தேன். கீழ்வீட்டு அம்மாவின் தபால் பெட்டியில் இரண்டு பெயர்கள் இருக்கும். மேலே அச்சில் ஒரு ஜப்பானியப் பெயர். அதற்குக் கீழே காகிதத் துண்டில் பேனாவால் எழுதி ஒட்டிய கொரியப் பெயர். அக்கம்பக்கத்தார் கூப்பிடுவது முதல் பெயரை. அரசு அலுவலகக் கடிதங்கள் வருவது இரண்டாவது பெயருக்கு. அவர் பிறந்தது ஒசாகாவில், பேசுவது அச்சு அசல் ஒசாகா வட்டார வழக்கு. ஆனாலும் அவருக்கு அங்கே வாக்குரிமை இல்லை.

இதற்குக் காரணம் மண் அல்ல, ரத்தம். பெற்றோரில் ஒருவர் ஜப்பானியராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. தாய் மட்டும் ஜப்பானியராக இருந்தாலும் போதும் என்ற நிலையே 1985-இல்தான் வந்தது.

கொரியர்களை 1940-இல் ஜப்பானிய மாதிரிப் பெயர் வைக்கச் சொன்னதும் இதே அரசுதான். அப்போது அவர்கள் பேரரசின் குடிமக்கள். 1952 ஏப்ரல் 28-இல், ஜப்பானுடனான போரைச் சட்டப்படி முடித்துவைத்த சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, அவர்களைக் கேட்காமலே அந்தக் குடியுரிமை போனது.

எனக்கு ஆறாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் போட்ட சயாம் மரண ரயில் பாதை என்றால் நமக்கு அங்கே மாண்ட மலாயாத் தமிழர்கள் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பாதையோரத்துப் போர்க்கைதி முகாம்களில் காவலுக்கு நிறுத்தப்பட்டவர்களில் கொரிய இளைஞர்களும் இருந்தார்கள். போருக்குப் பிறகு நேச நாடுகள் 148 கொரியர்களைப் போர்க்குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, 23 பேரைத் தூக்கிலிட்டன. முகாம்களில் நடந்த கொடுமைகளை நான் மறைக்கவில்லை. அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1952-இல் குடியுரிமை போன பிறகும் தோக்கியோ சிறையில் இருந்தவர்கள், இனி நாங்கள் ஜப்பானியர் இல்லையே, விடுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். குற்றம் நடந்தபோது நீங்கள் ஜப்பானியர்தான் என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. வெளியே வந்து ராணுவ ஓய்வூதியம் கேட்டபோது, நீங்கள் ஜப்பானியர் இல்லை என்று அரசு சொன்னது. தண்டனைக்கு ஜப்பானியர், காசு தரும்போது அந்நியர். இனத்தை அளவுகோலாக வைக்கும் அரசு, கோலை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்கிறது. என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

ஐனு மக்களை இப்போது பூர்வகுடிகள் என்று அரசே ஏற்றுக்கொண்டுவிட்டதாமே? பிரச்சினை தீர்ந்ததா?
*(பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்)*

ஏற்றுக்கொண்டது உண்மை. 2008-இல் நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது, 2019-இல் சட்டத்திலும் எழுதியது. 2020-இல் ஷிராஓய் ஊரில் உபோபோய் என்ற பெரிய அருங்காட்சியக வளாகத்தையும் திறந்தார்கள். போய்ப் பார்த்தேன், நேர்த்தியாக இருந்தது. சால்மன் மீனின் தோலில் தைத்த பனிக்காலக் காலணியின் முன் வெகுநேரம் நின்றேன். பனியில் வழுக்காதிருக்க, முதுகுத் துடுப்பு அடிப்பாகத்தில் வரும்படி தைப்பார்களாம். ஒரு மீனை முழுதாகத் தெரிந்துகொண்ட மக்களால்தான் அப்படித் தைக்க முடியும்.

சரி, அந்த மீனை அவர்கள் இன்று பிடிக்கலாமா? ஆற்றில் பிடிக்கக் கூடாது. சடங்குக்காகவும் பண்பாட்டைக் கற்பிப்பதற்காகவும் என்றால் ஹொக்கைடோ ஆளுநரிடம் அனுமதி வாங்கிப் பிடிக்கலாம். வயிற்றுக்காகப் பிடித்தால் குற்றம். மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) வந்த தடை இது. பின்னாளில் நாடாளுமன்றத்துக்குப் போன முதல் ஐனுவான ஷிகெரு கயானோ, சிறுவனாக இருந்தபோது, சால்மன் பிடித்ததற்காகத் தன் அப்பாவைப் போலீஸ் கூட்டிப்போனதைப் பார்த்தவர். அவருடைய ஊரான நிபுதானியில் நிலத்தை எடுத்து அணை கட்டினார்கள். நிலம் எடுத்தது சட்டவிரோதம் என்று 1997-இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அணை அதற்குள் கட்டி முடிந்திருந்தது, அதனால் அது அப்படியே நிற்கிறது.

உராஹோரோ ஊரின் ஐனுக்கள் ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை கேட்டு 2020-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் அதே சப்போரோ நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஹொக்கைடோ அரசின் 2017 கணக்கெடுப்பில் ஐனு என்று பதிவானவர்கள் 13,000 பேர் அளவில்தான். வெளியே சொல்லிக்கொள்ளாதவர்கள் அதில் சேரவில்லை. இவர்கள் பிடித்து ஆற்று மீன் குறைந்துவிடும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

ஒகினாவா மக்களிடம் தனி இன உணர்வு உண்டா? சிறுபான்மையினர் எல்லோரும் ஒன்றாக நின்றால் என்ன?
*(வாசகர், யாழ்ப்பாணம்)*

உண்டு. 1879 வரை அது தனி அரசு. ஜப்பானோடு சேர்த்த பிறகு, பள்ளியில் வீட்டு மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையை மாட்டினார்கள். இன்னொரு பிள்ளை வாய் தவறிப் பேசும்வரை அதைக் கழற்ற முடியாது. கூட்டாளி எப்போது பேசுவான் என்று காத்திருக்க வைத்த தண்டனை. 1945 போரில் ஒகினாவாவாசிகளில் நான்கில் ஒருவர் மாண்டார். ஜப்பானில் அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் இன்றும் அந்தச் சின்னத் தீவுகளில்தான் இருக்கிறது. தனி நாடு கேட்பவர்கள் மிகச் சிலர். படைத்தளங்களைக் குறைக்கவோ எடுக்கவோ சொல்பவர்களே பெரும்பான்மை.

ஒன்றாக நிற்பது பற்றிக் கேட்டீர்கள். 1903-இல் ஒசாகா கண்காட்சியையொட்டி 'மனிதக் கூடம்' என்று ஒன்று வைத்து ஐனு, தைவான் பழங்குடியினர், ஒகினாவாப் பெண்கள் ஆகியோரைக் காட்சிப்பொருளாக உட்கார வைத்தார்கள். ஒகினாவாவிலிருந்து கடும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் அங்குள்ள முன்னணிப் பத்திரிகை எழுப்பிய குரல், மனிதர்களைக் காட்சிக்கு வைக்காதே என்பதல்ல. எங்களை ஐனுவோடும் தைவான் காட்டுமிராண்டிகளோடும் சேர்க்காதே என்பது. படிக்கவே மனம் கூசியது. மேலே ஏற ஒரே ஏணி வைத்து, அதன் உச்சியில் 'அசல் ஜப்பானியர்' என்று எழுதிவிட்டால், கீழ்ப்படியில் இருப்பவனை மிதிக்கத் தோன்றிவிடுகிறது. ஒகினாவாப் பெண்கள் வெளியேறினார்கள். மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

இனவெறிப் பேச்சுக்குத் தண்டனை உண்டா?
*(சட்ட மாணவி, திருச்சி)*

2016-இல் வந்த தேசியச் சட்டத்தில் தண்டனை கிடையாது. கொரியர்கள் அதிகம் வாழும் கவாசாகி நகரம் மட்டும் துணிந்து, மீண்டும் மீண்டும் செய்பவர்களுக்கு 5 லட்சம் யென் வரை அபராதம் என்று 2019-இல் நகரச் சட்டம் போட்டது. மற்ற நகரங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு கவாசாகியையே எடுத்துக்கொள்ளுங்கள்.