கிளினிக் கொப்பியில் ‘டிஸ்ப்னியா’: அது என்ன நோய்?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மாவுக்கு 61 வயது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கிளினிக் கொப்பியில் ‘டிஸ்ப்னியா’ என்று எழுதியிருக்கிறார்கள். பார்மசிக்காரர் அது சுகமாகாத நெஞ்சு வருத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். உண்மையா?

பதில்: இல்லை. டிஸ்ப்னியா நோயின் பெயரே அல்ல. மூச்சுவிடச் சிரமப்படுகிறார் என்பதற்கு வைத்தியர்கள் எழுதும் சொல். கிரேக்கத்தில் ‘டிஸ்’ என்றால் சிரமம், ‘ப்னோஏ’ என்றால் மூச்சு. இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரித்தானிய எழுத்துமுறையில் நடுவே ஓர் ‘ஓ’ இருக்கும், அமெரிக்க முறையில் இருக்காது. அம்மா சொன்ன ‘மூச்சு வாங்குது’ என்பதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

காரணம் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். ‘பி.ஏ.’ என்றால் ஆஸ்துமா. ‘சி.ஓ.பி.டி.’ என்றால் புகையால் கெட்ட சுவாசப்பை. விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் வரும். ‘சி.சி.எஃப்.’ என்றால் இருதய பலவீனம். முன்னால் கேள்விக்குறி இருந்தால் சந்தேகம் மட்டுமே. ஒன்றுமே இல்லாவிட்டால், எக்ஸ்ரே, ஈசிஜியோடு ஹீமோகுளோபினும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இரத்தச்சோகையிலும் மூச்சு வாங்கும்.

சிரமத்தை 0 முதல் 4 வரை அளக்கும் முறை ஒன்று உண்டு. அதில் லேசான மேடு ஏறினால் வாங்குவது 1. சமதரையில் ஒத்த வயதினரோடு ஈடுகொடுக்க முடியாவிட்டால் 2. சுமார் 100 மீற்றரில் நின்றுவிட்டால் 3. உடுப்பு மாற்றவே வாங்கினால் 4. ஆனால் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ரோட்டுக்கு ஏறும் செங்குத்துப் படியில் சுகதேகிக்கும் வாங்கும். அதனால் ‘மேடு ஏறினால் வாங்குது’ என்று மட்டும் சொன்னால் நம் மலையில் அந்த அளவு சரிவராது. கோயில் முற்றம் மாதிரிச் சமதரையில், பக்கத்து வீட்டு அதே வயதுக்காரியோடு நடக்கவிட்டுப் பாருங்கள். போன வருடம் நிற்காமல் ஏறிய படிக்கட்டில் இப்போது எத்தனையாவது படியில் நிற்கிறார் என்று எண்ணுங்கள். மல்லாந்து படுக்க முடியாமல் இரண்டு தலையணை கேட்கிறாரா, சாயந்தரம் கால் வீங்குகிறதா? இவற்றையும் சொல்லுங்கள்; இருதயத்தைப் பார்க்கத் தூண்டும் அடையாளங்கள் இவை.

இனி அந்த மாத்திரை. பெயர் எழுதாத கடதாசி உறையில் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். அது பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொய்டாக இருக்கலாம். ஆஸ்துமா கடுமையானால் வைத்தியர் சில நாளைக்குக் கொடுப்பதுதான். ஓரிரு நாளில் சுகம் தெரிவதால் சனம் மறுபடி மறுபடி வாங்குகிறது. அது இரத்தத்தில் சீனியைக் கூட்டும், எலும்பைக் கரைக்கும், காசநோயை மறைக்கும். மூச்சிரைப்பு இருதயத்தால் வந்ததென்றால், உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கி இன்னும் மோசமாக்கும். மூன்று வாரத்துக்கு மேல் குடித்திருந்தால் திடீரென நிறுத்தவும் கூடாது. உறையோடு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ‘கொழும்பில் சேனல் பண்ணித் தருகிறேன்’ (தனியார் வைத்தியரிடம் நேரம் எடுத்துத் தருகிறேன்) என்று காசு கேட்பவரையும் நம்பாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் காசில்லாமல் பார்க்கலாம்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இன்றும் கொப்பியில் ஒரு வரி தமிழில் எழுத ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் பார்மசிக்காரர் வைத்தியர் ஆகிறார். கூச்சப்படாமல், ‘இதைத் தமிழில் சொல்லுங்க, மிஸ்’ என்று தாதியிடம் கேளுங்கள்.

சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறினால், ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சு நொந்தால் கிளினிக் நாள் பார்க்க வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.