ஜப்பானில் மின்மினித் திருவிழா: ஒரே ராத்திரியில் போய்த் திரும்பலாமா?

கேள்வி: ஜூன் 10 முதல் 24 வரை டோக்கியோவில் மகன் வீட்டில் இருப்போம். அங்கே கோடைத் திருவிழாவில் ராத்திரி மின்மினிப்பூச்சி பார்க்கப் போவார்களாமே, எங்களுக்கும் ஆசை. எனக்கு 61 வயது, கணவருக்கு 66. அவருக்கு முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம். எந்த ஊருக்குப் போகலாம்? சாயங்காலம் கிளம்பி அன்றைக்கே திரும்பிவிட முடியுமா? மழை வந்தால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சரியான நாட்களில் போகிறீர்கள் அம்மா. ஜப்பானின் கோடைத் திருவிழா என்றதும் ஜூலை, ஆகஸ்ட் வாணவேடிக்கையை நினைத்துக்கொண்டு டிக்கெட் எடுப்பவர்கள் நிறையப் பேர். அதற்குள் மின்மினி முடிந்துவிடும். அங்கே கூட்டம் கூட்டமாகப் பறக்கும் பெரிய மின்மினிக்கு கெஞ்சி-பொட்டாரு என்று பெயர். இடத்தைப் பொறுத்து மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரைதான் அதன் காலம். ஒரு பூச்சி ஒன்றிரண்டு வாரம்தான் பறக்கும். பனித்துளியைக் குடிக்குமே தவிர எதையும் சாப்பிடாது. முந்தைய கோடையில் ஓடைக்கரைப் பாசியில் இட்ட முட்டை, புழுவாகித் தண்ணீரில் விழுந்து, கவானினா என்ற சிறு நத்தையைத் தின்று வளர்ந்து, வசந்தத்தில் ஒரு மழை ராத்திரியில் கரையேறி, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, அப்புறம்தான் இந்தச் சில நாள் வெளிச்சம்.

நான் உங்களுக்குச் சொல்லும் ஊர் தட்சுனோ. நாகானோ மாநிலத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். ஜூன் நடுவில், இரண்டு வார இறுதிகளைச் சேர்த்து, அங்கே மின்மினித் திருவிழா நடக்கும். கடைவீதிக் கொண்டாட்டமெல்லாம் ரயில் நிலையத்தை ஒட்டி. மின்மினி இருப்பது அங்கிருந்து 20 நிமிட நடையில், மட்சுவோ-க்யோ என்ற பள்ளத்தாக்கில். பலர் கடைவீதியிலேயே நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். நீங்கள் வெளிச்சம் இருக்கும்போதே பள்ளத்தாக்குக்குப் போய்ப் பாதையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்து ஈர மண், மேடு பள்ளம் வேறு. அவர் முழங்காலுக்கு இருட்டில் அது சிரமம். கைத்தடி அவசியம், ரப்பர் அடியுள்ள ஷூவும். யுகாட்டா என்ற பருத்தி அங்கியும் மரச்செருப்பும் வாடகைக்குக் கிடைத்தாலும் அன்றைக்கு வேண்டாம். அதற்குக் கடைவீதி போதும். உள்ளே போகப் பாதுகாப்புக்கென்று ஒரு சிறு கட்டணம் வாங்குவார்கள், சில்லறை வைத்திருங்கள்.

அன்றைக்கே திரும்புவதா? வேண்டாம். டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து அசுசா விரைவு ரயிலில் ஒக்காயா வரை சுமார் இரண்டரை மணி நேரம், அங்கே வண்டி மாறினால் தட்சுனோ பக்கம்தான். போவது சுலபம், திரும்புவதில்தான் சிக்கல். ஜூனில் அங்கே சூரியன் மறையவே 7 மணி தாண்டிவிடும். மின்மினி நன்றாகப் பறப்பது ஏறத்தாழ 7.30லிருந்து 9 மணி வரை. அதைப் பார்த்து முடிக்கும் நேரத்தில் டோக்கியோவுக்கு விரைவு ரயில் இருக்காது. ஒக்காயாவுக்குப் பக்கத்திலுள்ள கமி-சுவாவில் இரண்டு ராத்திரி தங்குங்கள். ஏரிக்கரையில் வெந்நீர் ஊற்று விடுதிகள் உள்ள ஊர், அந்த ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்திலேயே வெந்நீரில் கால் வைத்து உட்காரத் தொட்டி இருக்கிறது. முழங்காலுக்கு அதைவிட இதமான இடம் கிடைக்காது.

இரண்டு ராத்திரி என்று சொல்வதற்குக் காரணம் வானிலை. தூறலுக்குப் பயப்படாதீர்கள். மழை விட்ட பிறகு காற்றில்லாமல், புழுக்கமாக, மேகம் மூடிய ராத்திரிதான் மின்மினிக்குப் பிடித்தது. 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் உற்சாகமாகப் பறக்கும். காற்றடித்தாலோ குளிர்ந்தாலோ இலைக்கடியில் உட்கார்ந்துவிடும். நிலவு பளிச்சென்று இருந்தாலும் குறையும். ஒரு முறை நான் நண்பர் குடும்பத்தோடு போனபோது முதல் நாள் சில்லென்ற காற்று, மொத்தமே ஏழெட்டுப் பூச்சிதான். அவர்கள் பையன் அழாத குறை. மறுநாள் சாயங்காலம் மழை நின்றது. எட்டு மணிக்கு ஓடைக்கு அந்தப் பக்கத்துப் புதரில் ஒன்று மினுங்கியது, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. விழா நாட்களில் அந்தந்த ராத்திரி எத்தனை மின்மினி காணப்பட்டது என்று ஊர்க்காரர்களே எண்ணி வெளியிடுவார்கள். மகனை அதைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், நெரிசல்.

அங்கே நின்று ஒன்றைக் கவனியுங்கள். ஆண் பூச்சிகள் தனித்தனியாக மினுங்காது. ஒரு கரையே சேர்ந்து எரிந்து சேர்ந்து அணையும். கிழக்கு ஜப்பானில் ஏறத்தாழ 4 விநாடிக்கு ஒரு முறை, மேற்கில் 2 விநாடிக்கு ஒரு முறை. மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். தட்சுனோவில் மேற்கிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவையும் உண்டு, அதனால் வேகமான மினுக்கலும் கண்ணில் படலாம். அழகுக்காகச் செய்தது உள்ளூர் இனத்துக்குக் கேடாகலாம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பெண் பூச்சி புல்லில் உட்கார்ந்து மங்கலாக மினுங்கிப் பதில் சொல்லும். நம் கைபேசி வெளிச்சம் பட்டால் அந்தப் பேச்சு அறுந்துவிடும். சில நாள் ஆயுளில் ஒரு ராத்திரி வீண் என்றால் அதற்கு எவ்வளவு பெரிய இழப்பு. அதனால் டார்ச், ஃபிளாஷ் இரண்டும் கூடாது. கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள், மணி பார்க்கக்கூட எடுக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக 15 நிமிடமாவது ஆகும், ஒரு திரை ஒளிர்ந்தால் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. இணையத்தில் பார்க்கும் தங்க மழைப் படங்கள் பல நிமிடப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. கண்ணுக்கு அப்படித் தெரியாது. பச்சை கலந்த மஞ்சளாய், மெதுவாய், மூச்சு விடுவதுபோலத் தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கொசு மருந்தை அங்கே போய் அடிக்காதீர்கள், மின்மினிக்கும் அது விஷம். முழுக்கை, முழுக்கால் உடையே போதும். புல்லுக்குள் இறங்கக் கூடாது. ஓடையோரப் புல்லில் மமுஷி என்ற விஷப்பாம்பு இருக்கலாம். மலை ஊர் என்பதால் ராத்திரி குளிரும், ஒரு ஸ்வெட்டர் வையுங்கள்.

சாப்பாடு: திருவிழாக் கடைகளில் தக்கோயாகி என்பது ஆக்டோபஸ் உருண்டை, யாகிசோபா நூடுல்ஸில் பெரும்பாலும் பன்றிக்கறி இருக்கும். மேலே தூவும் மெல்லிய சீவல் காய்ந்த மீன். சுட்ட சோளம், வெண்ணெய் வைத்த உருளைக்கிழங்கு, ஐஸ் சீவல் இவை உங்களுக்கு ஒத்துவரும். மருமகளிடம் சொல்லிப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், அதுதான் நிம்மதி.

எவ்வளவு யோசித்தும் அவருக்கு அந்த நடை முடியாது என்று தோன்றினால் டோக்கியோவிலேயே இருங்கள். சின்சான்சோ ஓட்டல் தோட்டத்தில் ஜூன் கடைசி வரை மின்மினி பார்க்கலாம், தங்குபவர்களுக்கும் சாப்பிட முன்பதிவு செய்தவர்களுக்கும். ஓமே ரயில் பாதையில் ஃபுஸ்ஸா என்ற ஊரிலும் ஜூன் நடுவில் ஒரு மின்மினித் திருவிழா உண்டு, அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். இரண்டிலும் தட்சுனோ அளவுக்குப் பூச்சிகளை எதிர்பார்க்காதீர்கள்.

திரும்பும்போது ஒன்று உங்கள் சேலையில் ஒட்டிக்கொண்டு வரலாம். தட்டிவிடாதீர்கள். விரலை அதன் முன்னால் வைத்தால் ஏறிக்கொள்ளும், அப்படியே பக்கத்துப் புல்லில் விரலைச் சாய்த்தால் தானாக இறங்கிப் போய்விடும்.