ஆழ்கடல் இயற்பியல் படித்தால் வேலை கிடைக்குமா?

அய்யா, வணக்கம்.

பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், ஆழ்கடலில் தண்ணீர் எப்படிக் கலக்கிறது என்று ஆராயப் போவதாகச் சொல்கிறார். "மேலூர்ப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை? கப்பலிலேயே கிடக்கணுமா? சம்பளம் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவர் விரும்புவது என்னவென்று பார்ப்போம்.

உங்கள் ஊர்க் கிணற்றில் குதித்தால் மேலே வெதுவெதுப்பு, காலடியில் சில்லென்று இருக்கும். கடலும் அப்படித்தான். துருவப் பகுதிகளில் குளிர்ந்து கனத்த நீர் அடியாழத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலிருந்து வெப்பம் கலந்து இறங்காவிட்டால் ஆழம் முழுக்கக் குளிர்நீரே நிரம்பிவிடும். ஓதமும் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) காற்றும் தரும் ஆற்றல், கடலுக்குள்ளேயே அலைகளாக ஓடி, உடைந்து, சின்னச் சின்னச் சுழல்களாகி, கடைசியில் வெப்பமாகச் சிதைகிறது. அந்தக் கொந்தளிப்புதான் நீரைக் கலக்குகிறது.

ஆழம் முழுக்கக் குளிர்நீர் நிரம்பாமலிருக்க வினாடிக்கு 0.0001 சதுர மீட்டர் என்ற அளவில் கலப்பு தேவை என்று கடலியல் அறிஞர் வால்டர் மங்க் 1966இல் கணக்கிட்டார். கருவி இறக்கி அளந்தபோது, கரையை விட்டு விலகிய கடலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. மிச்சம் எங்கே? 1997இல் வெளியான, தென் அட்லாண்டிக் கடலிலுள்ள பிரேசில் படுகை அளவீடுகளில், கரடுமுரடான கடலடிக்கு மேலே கலப்பு பல மடங்கு கூடியிருந்தது.

அளக்கும் விதம் அழகானது. மெல்ல இறங்கும் கருவியின் முனையிலுள்ள சிறு உணரி, நீரின் வேகம் சென்டிமீட்டருக்குச் சென்டிமீட்டர் மாறுவதைப் பதிவு செய்யும். அதிலிருந்து ஒரு கிலோ நீரில் எவ்வளவு ஆற்றல் சிதைகிறது என்று கணக்கிடுவார்கள். அமைதியான ஆழத்தில் அது ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குச் சிறியது. சிதையும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமானது கலப்புக்குப் போகிறது என்று வைத்து, கலப்பின் அளவைக் கணக்கிட ஆஸ்போர்ன் என்ற ஆய்வாளரின் 1980 சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பங்கு எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்பதில் விவாதம் தீரவில்லை. உங்கள் மகளுக்கு அங்கே வேலை மிச்சமிருக்கிறது.

நமக்கு இதில் என்ன? வங்கக் கடலின் மேல்மட்டத்தில் ஆற்று நீரும் மழை நீரும் மெல்லிய அடுக்காக நிற்பதால் கலப்பு தடைபடுகிறது. அதைச் சரியாகக் கணிப்பது பருவமழை, புயல் கணிப்புக்கு முக்கியம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வருமா என்று பார்த்திருக்கும் உங்களுக்கு மழையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, இது இயற்பியலும் கணிதமும் கணினியும் சேர்ந்த படிப்பு. கப்பல் பயணம் பெரும்பாலும் சில வாரங்கள்தான். பெண்களும் போகிறார்கள். மற்ற நாளெல்லாம் மேஜையில் கணக்கு. கடல் உயிரியல் வேறு, மரைன் இன்ஜினியரிங் வேறு. பெயரைப் பார்த்துத் தப்பான கோர்ஸுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் ஆண்டில் ஜாம் (ஐ.ஐ.டி.கள் நடத்தும் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு) எழுதி நல்ல இடத்தில் எம்.எஸ்ஸி. சேரட்டும். கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கடலியலே முதுகலையாக உண்டு. அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு, பிஎச்.டி. பெங்களூரு ஐ.ஐ.எஸ்ஸி., கோவா தேசிய கடலியல் நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவற்றைப் பாருங்கள். நெட்டில் உதவித்தொகையோடு தேறினால் ஆராய்ச்சிக் காலத்தில் மாதம் 37,000 ரூபாயில் தொடங்கும். 2021இல் மத்திய அரசு ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அதில் முன்னால் நிற்கிறது.

ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முப்பது வயதுவரை காத்திருக்க நேரலாம். உடனே வருமானம் வேண்டிய வீட்டுக்கு இது சிரமமான பாதை. அதை மறைக்க மாட்டேன். கடலில் இடம் கிடைக்காவிட்டாலும் வானிலைக் கணிப்பு, காற்றாலை, தரவுப் பகுப்பாய்வு என்று அதே திறமைக்கு வேறு கதவுகள் உண்டு.

இந்த விடுமுறையில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். கடலில் மிதந்தபடி ஆழத்தைத் தானாக அளக்கும் ஆர்கோ மிதவைகளின் வெப்ப, உப்புத் தரவு இலவசமாகக் கிடைக்கும். வங்கக் கடலின் ஒரு மிதவையை எடுத்து, ஆழத்தோடு அடர்த்தி மாறுவதை பைத்தான் கணினி மொழியில் வரையட்டும். அந்த வேலையில் அவருக்குச் சலிப்பு வருகிறதா, நேரம் போனதே தெரியாமல் உட்காருகிறாரா என்று பாருங்கள். முடித்ததும் அந்தப் படத்தோடு என்னிடம் அழைத்து வாருங்கள். எந்தக் கல்லூரி என்று அப்போது முடிவு செய்யலாம்.